எக்கோ நார்மல் என்று நான் சொன்னேன்

என் கணவரின் அண்ணன் மனைவி ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். முறைப்படி எனக்கு ஓரகத்தி. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். சேலையூரில் ஒரே வீட்டில் அவர் மாடியில், நாங்கள் கீழே. அவருடைய கணவர் குவைத்தில் வேலை பார்க்கிறார், மகன் பெங்களூரில். அதனால் அக்காவுக்கு மார்பில் புற்றுநோய் என்று தெரிந்தபோது ஆஸ்பத்திரிக்குக் கூடப் போகும் வேலை என்னிடம் வந்தது. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. நானாகத்தான் "நான் பார்த்துக்கறேன்" என்றேன். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானங்களில் ஒன்று, எல்லாரும் சேர்ந்து என் தலையில் கட்டிவிட்டார்கள் என்பது. அது உண்மையில்லை.

அக்கா காலேஜ் நாட்களில் த்ரோபால் ஆடியவர். ஐம்பத்தொரு வயதிலும் காலை ஐந்தரைக்கெல்லாம் ரோட்டில் இறங்கி வேக நடை நடப்பார். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே மெதுவாக நடப்பவள். கடைக்குப் போனாலும் கல்யாணத்துக்குப் போனாலும் அவர் இருபதடி முன்னால் போய் நின்று திரும்பிப் பார்ப்பார். "கையை வீசி நடம்மா, கால் தானா வரும்" என்பார். ஒருமுறை குடும்பத்தோடு திருநீர்மலைக்குப் போனோம். அவர் மேலே ஏறி, பெருமாளைச் சேவித்து, இறங்கியும் வந்துவிட்டார். நான் பாதிப் படியில் உட்கார்ந்திருந்தேன். எல்லார் முன்னாலும், "நம்ம டீம்ல இவளை சப்ஸ்டிட்யூட்டாத்தான் வெச்சுக்கணும்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு பேசுகிறவர் இல்லை. நான் வைத்துக்கொண்டேன்.

ஆபரேஷன் முடிந்து, கீமோ முடிந்து, தலைமுடி எல்லாம் போய், அதையும் அக்கா ஒரு போட்டியைப் போலத்தான் எதிர்கொண்டார். வாந்தி எடுத்துவிட்டு வாயைக் கொப்பளித்து, "அடுத்தது எப்போ?" என்று கேட்பார். அதன் பிறகுதான் இந்த ஊசி. மூன்று வாரத்துக்கு ஒருமுறை, டிரிப்பில் ஏற்ற வேண்டும். ஒரு வருடம். டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்து விளக்கினார். அவர் ஒரு பெண், எங்களைவிட வயதில் சின்னவர், நிதானமாகப் பேசுவார். கீமோ எல்லா செல்லையும் அடிக்கும், இது அப்படி இல்லை, அக்காவின் கட்டியில் ஒரு குறிப்பிட்ட புரதம் அளவுக்கு மீறி இருக்கிறது, அதை மட்டும் குறி பார்த்துப் போய் அடைக்கும் மருந்து இது என்றார். முடி கொட்டாது, வாந்தி பெரும்பாலும் இருக்காது. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். சிலருக்கு இதயத்தின் பலம் குறையலாம். அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எக்கோ ஸ்கேன் எடுத்து ரிப்போர்ட் கொண்டுவர வேண்டும். படியேறும்போது மூச்சு வாங்கினாலோ, கால் வீங்கினாலோ, திடீரென்று எடை கூடினாலோ உடனே சொல்ல வேண்டும்.

நான் அதையெல்லாம் ஃபைலின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டேன். மூச்சு, கால் வீக்கம், எடை. என் கையெழுத்து இன்னும் அங்கே இருக்கிறது. தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

முதல் இரண்டு எக்கோவும் ஒழுங்காக எடுத்தோம். தாம்பரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில், சாயந்திரம் இதய டாக்டர் வரும் நேரம் பார்த்துப் போவோம். இதயம் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் உள்ளே இருக்கும் ரத்தத்தில் நூற்றுக்கு எவ்வளவு பங்கை வெளியே தள்ளுகிறது என்று ரிப்போர்ட்டில் ஒரு எண் இருக்கும். அக்காவுக்கு முதலில் அறுபத்திரண்டு, அடுத்த முறை அறுபது. அக்கா அதைப் பரீட்சை மார்க் மாதிரி எல்லாருக்கும் சொன்னார். தலையில் முடி ஒரு விரற்கடை வளர்ந்துவிட்டது. பள்ளிக்கூடத்துக்கு அரை நாள் போக ஆரம்பித்தார். வீட்டில் எல்லாருக்கும் வியாதி முடிந்துபோன நினைப்பு வந்துவிட்டது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரயில் ஏறிப் போய் ஊசி போட்டு வருவது மட்டும் ஒரு பழக்கம் போல மிச்சமிருந்தது.

நான் சானடோரியம் பக்கம் ஒரு துணி ஏற்றுமதி கம்பெனியில் பேக்கிங் பிரிவில் சூப்பர்வைசர். மூன்றாவது எக்கோ எடுக்க வேண்டிய வாரத்தில் வெளிநாட்டிலிருந்து சரக்கைப் பார்க்க ஆட்கள் வந்திருந்தார்கள். ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். அடுத்த வாரம் போனோம். எங்களுக்கு முன்னால் பதினெட்டு டோக்கன், டாக்டர் இன்னும் வரவில்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்தோம். கம்பெனியிலிருந்து போன் வந்தது, ஏதோ பெட்டியில் லேபிள் மாறிவிட்டதாம். போனில் பேசியே முடித்திருக்கலாம். நான் அக்காவிடம், இன்னொரு நாள் வரலாமா என்று கேட்டேன். "பரவாயில்லம்மா, எவ்ளோ நேரம் ஆனாலும் இருந்து எடுத்துட்டே போயிடலாம்" என்றார். நான் ஏற்கெனவே கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டியிருந்தேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். அதோடு அந்த எக்கோ போயிற்று.

அடுத்த ஊசி நாள் வந்தது. ஷேர் ஆட்டோவில் கிழக்குத் தாம்பரத்தில் இறங்கி, பிளாட்பாரத்துக்குப் போக மேம்பாலத்துப் படியில் ஏறினோம். நான் பாதி ஏறிய பிறகுதான் பக்கத்தில் ஆள் இல்லை என்று தெரிந்தது. திரும்பிப் பார்த்தேன். அக்கா எனக்குப் பத்துப் படி கீழே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஆட்கள் அவரைச் சுற்றிக்கொண்டு ஏறினார்கள்.

அந்த நேரத்தில் எனக்கு வந்தது கவலை இல்லை. சின்னதாக ஒரு சந்தோஷம். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக நான் மேலே நின்று அவரைத் திரும்பிப் பார்க்கிறேன். "கையை வீசி நடங்கக்கா" என்று சொல்லலாமா என்றுகூடத் தோன்றியது. சொல்லவில்லை. ஆனால் நினைத்தேன்.

படி ஓரமாக வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்த அம்மாதான் என்னைப் பார்த்துக் கை காட்டினாள். "இன்னாம்மா நீ பாட்டுக்கு போய்கினே கீற? அந்தக்காவுக்கு முடில பாரு. தண்ணி இருந்தா குடு" என்றாள். எனக்கு எரிச்சலாக இருந்தது. கீழே இறங்கிப் போய் பாட்டிலை நீட்டினேன். அக்கா இரண்டு வாய் குடித்துவிட்டு, "வெயில்" என்றார். நானும் வெயில்தான் என்று எடுத்துக்கொண்டேன். மணி காலை எட்டு.

ஆஸ்பத்திரியில் ஊசி போடும் ஹாலில் எங்களுக்குப் பழகிய ஒரு நர்ஸ் இருந்தார். அவர் என்னை அக்கா என்பார், எங்கள் ஓரகத்தி உறவைப் பார்த்து, "என் வீட்ல இப்படி ஒருத்தி இருந்தா நான் எதுக்கு வேலைக்கு வர்றேன்" என்று வேடிக்கையாகச் சொல்வார். அக்கா எடை மெஷினில் ஏறி இறங்கிவிட்டு பாத்ரூம் போயிருந்தார். எடை இரண்டரை கிலோ கூடியிருந்தது. நர்ஸ் அதைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். "வீட்டுச் சாப்பாடு சிஸ்டர்" என்று நான் பெருமையாகச் சொன்னேன். அவர் சிரித்தபடி எழுதிக்கொண்டார். பிறகு ஃபைலைப் புரட்டிக்கொண்டே கேட்டார்.

"எக்கோ எடுத்தாச்சாக்கா?"

"எடுத்தாச்சு."

"எப்படி இருக்கு?"

"நார்மல் சிஸ்டர். ரிப்போர்ட்டை வீட்லயே வெச்சுட்டு வந்துட்டேன், அடுத்த தடவை கொண்டுவர்றேன்."

எழுதினார். அவ்வளவுதான். அந்த ஒரு நிமிடத்தை நான் எத்தனையோ முறை பிரித்துப் பார்த்திருக்கிறேன். எடுக்கவில்லை என்று சொல்லியிருந்தால் அன்றைக்கு ஊசி போட மாட்டார்கள். அங்கேயே எக்கோ எடுக்கச் சொல்வார்கள், அல்லது திருப்பி அனுப்புவார்கள். எனக்கு இன்னொரு நாள் லீவு போகும். மாலைக்குள் கம்பெனிக்குத் திரும்புகிறேன் என்று சொல்லியிருந்தேன். அதைவிட, ஏன் எடுக்கவில்லை என்று அந்த நர்ஸ் கேட்டால் நான்தான் எழுப்பிக் கூட்டிவந்தேன் என்று சொல்ல வேண்டும். அவர் என்னைப் பற்றி வைத்திருந்த நல்ல எண்ணம் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. ஒரு இதயத்தை வைத்து நான் பேசிய பொய்க்கு இவ்வளவுதான் காரணம்.

அடுத்த மூன்று வாரத்தில் அக்கா மாடியிலிருந்து இறங்குவதைக் குறைத்துக்கொண்டார். காபியை மேலே கொடுத்தனுப்பச் சொன்னார். துணி உலர்த்த மொட்டை மாடிக்குப் போகவில்லை. பள்ளிக்கூடத்தில் மைதானத்துக்குப் போகாமல் நாற்காலியில் உட்கார்ந்தே விசில் ஊதுவதாக அவரே சொன்னார். நான் என் கணவரிடம், கீமோ முடிந்து எத்தனை மாதமாயிற்று, இன்னும் பேஷண்ட் மாதிரியே நடந்துகொள்கிறாரே என்று முணுமுணுத்தேன். அவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, அண்ணி அப்படிப்பட்டவங்க இல்லையே என்றார். நான், உங்களுக்கு என்ன தெரியும் என்றேன்.

இன்னொரு ஊசியும் போயிற்று. இந்த முறை யாரும் எக்கோ பற்றிக் கேட்கவில்லை. காகிதத்தில் ஏற்கெனவே நார்மல் என்று இருந்தது. வேறொரு நர்ஸ் அதைப் பார்த்து டிக் போட்டுவிட்டு டிரிப்பை மாட்டினார். நான் வாயே திறக்க வேண்டியிருக்கவில்லை. என் பொய் எனக்குப் பதிலாக வேலை செய்துகொண்டிருந்தது.

அதற்கு ஒன்பது நாள் கழித்து, காலையில் இட்லி கொண்டுபோனபோது அக்கா சாப்பாட்டு மேஜையில் இரண்டு தலையணையை அடுக்கி அதன்மேல் தலை வைத்து உட்கார்ந்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன். தூங்கவில்லை. பாதம் இரண்டும் பொம்மை மாதிரி உப்பி, கொலுசின் தடம் தோலுக்குள் பதிந்திருந்தது.

"படுத்தா மூச்சு முட்டுதும்மா. நாலு நாளா இப்படித்தான் உட்கார்ந்தே இருக்கேன்" என்றார். ஒரு வாக்கியத்துக்கு இரண்டு முறை நிறுத்தினார்.

"ஏன்க்கா சொல்லல?"

"நீயே லீவு போட்டுப் போட்டு அலையறே. அப்புறம், எக்கோ எடுக்காமயே ஊசி போட்டாங்களே. அப்ப அது ஒண்ணும் அவசரமில்லன்னுதானே அர்த்தம்?"

 தட்டை வைத்துவிட்டு என் கணவரைக் கூப்பிடக் கீழே ஓடினேன். அன்றைக்கு வேகமாகத்தான் ஓடினேன்.

காரில் வைத்துக் கொண்டுபோனோம். ஆக்சிஜன் வைத்தார்கள், நீர் பிரிவதற்கு ஊசி போட்டார்கள். அங்கேயே எக்கோ எடுத்தார்கள். முப்பத்தெட்டு. அக்காவைப் பார்த்துவந்த டாக்டர் ஃபைலைக் கையில் வைத்துக்கொண்டு நீண்ட நேரம் பார்த்தார். ஒரு மாதத்துக்கு முன்னால் நார்மல் என்று இருக்கிறது, அதற்குள் இப்படி இறங்குவது வழக்கமில்லை, ஹார்ட் அட்டாக் ஏதாவது தெரியாமல் வந்து போயிருக்குமோ, ரத்தக் குழாயில் அடைப்பு இருக்குமோ என்று இதய டாக்டரிடம் கேட்டார். அவர் ஆஞ்சியோ எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார். இரண்டு பேரும் என் முன்னால்தான் பேசினார்கள். சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போட என்னைக் கூப்பிட்டார்கள், ஏனென்றால் என் கணவர் மருந்து வாங்கப் போயிருந்தார்.

அப்போது சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம்தான். அது நார்மல் இல்லை டாக்டர், நாங்கள் எடுக்கவேயில்லை. நாக்கு நுனியில் இருந்தது. பேனாவைக் கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்டேன்.

அக்காவின் மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டு ஆஞ்சியோ எடுத்தார்கள். அடைப்பு எதுவும் இல்லை. குழாய்கள் சுத்தமாக இருக்கின்றன, விளையாடிய உடம்பு என்று இதய டாக்டர் சொன்னாராம். அக்கா அந்த நிலையிலும் அதைச் சந்தோஷமாக என்னிடம் சொன்னார். மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்த இடம் நீலமாகக் கன்றியிருந்தது. அது மஞ்சளாகி மறைய இரண்டு வாரம் ஆனது. தினம் நான்தான் அதில் மருந்து தடவினேன்.

அடைப்பு இல்லை என்றானதும் காரணம் அந்த ஊசிதான் என்று முடிவாயிற்று. டாக்டர் கட்டிலருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து சொன்னார். கட்டியில் இருக்கும் அதே புரதம் இதயத் தசையிலும் கொஞ்சம் இருக்கிறது. தசை தன்னைத்தானே பழுது பார்த்துக்கொள்ள அது வேண்டும். மருந்து போய் அதையும் அடைத்துவிட்டால் தசை நாளுக்கு நாள் களைத்துப்போகும். அக்கா, அப்ப என் ஹார்ட் அவ்வளவுதானா என்று கேட்டார்.

"இல்லம்மா. செத்துப்போன தசை வேற, சோர்ந்துபோன தசை வேற. உங்களோடது சோர்ந்துபோனது. மருந்தை நிறுத்தினா பெரும்பாலானவங்களுக்கு மறுபடி எழுந்துக்கும். கொஞ்சம் டைம் கொடுக்கணும்" என்றார் டாக்டர்.

 திரும்பி வரும். சரியாகும். அதை நான் எனக்குக் கிடைத்த மன்னிப்பாக எடுத்துக்கொண்டேன். ஆனால் அக்கா கேட்ட அடுத்த கேள்வி வேறு. ஊசியை நிறுத்தினால் அந்த வியாதி திரும்ப வந்துவிடாதா? டாக்டர், சில வாரம் இடைவெளி விட்டால் ஆபத்து இல்லை, இதயம் தேறியதும் மீண்டும் தொடங்கப் பார்க்கலாம் என்றார். அக்கா தலையாட்டினார். ஆனால் அவர் பயந்துவிட்டார் என்று தெரிந்தது. கீமோவில்கூட நான் அந்த முகத்தைப் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்தபின் என்னவெல்லாம் செய்ய முடியுமோ எல்லாம் செய்தேன். உப்பில்லாத சமையல், அளந்து வைத்த தண்ணீர், காலையில் எடை, வேளைக்கு மாத்திரை. கம்பெனியில் நீண்ட லீவு சொன்னேன். லேபிள் மாறிய பெட்டிக்காக அன்றைக்கு ஓடியவள், இப்போது கம்பெனியிலிருந்து போன் வந்தால் எடுக்கக்கூட இல்லை. குவைத்திலிருந்து அவர் கணவர் வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம் அக்கா என்னைக் காட்டி, "இவ மட்டும் இல்லேன்னா நான் இன்னிக்கு இல்ல" என்பார். அவர் அந்தப் பக்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்குக் கும்பிடு போடுவார். நான் அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவேன். சமையலறையில் நின்று சுவரைப் பார்ப்பேன். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம், அழுதால் கூட அழலாம். கும்பிட்டால் என்ன செய்வது?

ஒரு மாதம் கழித்து எடுத்த எக்கோவில் நாற்பத்தேழு வந்தது. ஏறுகிறது. அக்காவுக்கு முகம் தெளிந்துவிட்டது. மறுநாள் பகல், அவர் மாடி பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் ரசம் சாதம் கொண்டுபோனேன். அவர் மடியிலிருந்து ஒரு சின்னப் பையை எடுத்து நீட்டினார். உள்ளே ஒரு புடவை. மாம்பழ நிறம், மயில் கழுத்துப் பார்டர். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லித் தாம்பரத்திலிருந்து வாங்கி வரச்சொன்னாராம்.

"எனக்கு வேண்டாங்கக்கா" என்றேன்.

"ஏன், கலர் பிடிக்கலையா?"

தட்டை பால்கனிச் சுவரின்மேல் வைத்தேன். நின்றுகொண்டே சொன்னேன். மூன்றாவது எக்கோ எடுத்தாயிற்று என்று நர்ஸிடம் சொன்னது, நார்மல் என்று சொன்னது, டாக்டர்கள் குழம்பியபோது வாயைத் திறக்காமல் இருந்தது, ஆஞ்சியோவுக்குக் கையெழுத்துப் போட்டது. எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். மேம்பாலத்துப் படியில் எனக்குள் வந்த சந்தோஷத்தை மட்டும் சொல்லவில்லை. இதுவரைக்கும் சொல்லவில்லை.

அக்கா புடவைப் பையை மடியில் வைத்து அதன் வாயை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தார். கீழே ரோட்டில் தண்ணீர் கேன் வண்டி வந்து ஹார்ன் அடித்துவிட்டுப் போயிற்று. நான் முடித்தபிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"டாக்டர்கிட்ட சொன்னியா?"

"இல்லக்கா."

"என்கிட்ட சொல்லி என்ன ஆகும்? அவங்க எழுதி வெச்சிருக்கறது தப்பு. அதைப் பார்த்துத்தானே எனக்கு மறுபடி ஊசி போடலாமா வேணாமான்னு முடிவு பண்ணப்போறாங்க? போய்ச் சொல்லு."

கூட வருகிறீர்களா என்று கேட்டேன். வரமாட்டேன் என்றார். சாதத்தை அப்படியே வைத்துவிட்டுப் போகச் சொன்னார், அப்புறம் சாப்பிட்டுக்கொள்வதாக.

மறுநாள் தனியாகப் போனேன். டாக்டர் அறைக்கு வெளியே பேஷண்டுகளோடு உட்கார்ந்திருந்தேன். என் முறை வந்தபோது அவர், அக்கா எங்கே என்று பதறிப்போய்க் கேட்டார். அவர் நன்றாக இருக்கிறார், நான்தான் பேச வேண்டும் என்றேன். கேட்டுக்கொண்டார். முகத்தில் கோபம் வந்து போனது தெரிந்தது. நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அது உங்களுக்கும் அவங்களுக்கும். எனக்கு வேற சொல்லுங்க. முதல்ல மூச்சு வாங்கினது எப்போ?"

மேம்பாலத்தைச் சொன்னேன். அதே நாளில் இரண்டரை கிலோ எடை கூடியதைச் சொன்னேன். வீட்டுச் சாப்பாடு என்று நான் சொன்னதையும் சொன்னேன். அவர் பழைய தாள்களைத் திருப்பி அந்த நாளைத் தேடி எடுத்தார். நார்மல் என்ற வார்த்தையின்மேல் ஒரு கோடு இழுத்து, எக்கோ எடுக்கப்படவில்லை என்று எழுதி, பக்கத்தில் தேதி போட்டுக் கையெழுத்திட்டார். அப்படியானால் இதயம் திடீரென்று விழவில்லை, அதற்கு முன்பிருந்தே இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது, இறங்கிக்கொண்டிருக்கும்போதே இரண்டு ஊசி ஏறியிருக்கிறது என்றார். ஒரு வகையில் இது நல்ல தகவல், இனிமேல் ஊசி போடும்போது எவ்வளவு அடிக்கடி பார்க்க வேண்டும் என்று இதை வைத்துத் தீர்மானிக்கலாம் என்றும் சொன்னார். ஆஞ்சியோ எடுத்திருக்க வேண்டாமோ என்று கேட்டேன். யோசித்தார். எப்படியும் எடுத்திருக்கலாம், எடுக்காமலும் விட்டிருக்கலாம், இப்போது அதைச் சொல்ல முடியாது என்றார். எனக்கு ஒரு பதில் வேண்டியிருந்தது. அவர் தரவில்லை.

அக்காவின் மாத்திரைகளை வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது அந்த நர்ஸ் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். அவரைக் கூப்பிட்டு, இனி காகிதத்தைக் கண்ணால் பார்க்காமல் யாருக்கும் ஊசி இல்லை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நர்ஸுக்குக் கண் சிவந்திருந்தது. "நானும் பேப்பரைக் கேட்டிருக்கணும்க்கா. உங்களைத் தெரியும்ங்கறதால கேக்கல" என்றார். அவர் கையைப் பிடிக்கப் போனேன். யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டார். என் பொய்யில் ஒரு பங்கு அவரிடமும் போயிருக்கிறது என்பது எனக்கு அதுவரை தோன்றவேயில்லை.

வீட்டில் அக்கா பேசாமல் இருக்கவில்லை. அப்படி இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். வேண்டியதைப் பேசினார். மாத்திரை தீரப்போகிறது, கேஸ் வந்துவிட்டதா, தண்ணீர் மோட்டார் போட்டாயா. என் கணவரிடமோ குவைத்திலோ இதைச் சொல்லவில்லை. நானே என் கணவரிடம் சொன்னேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய், ஒரு மணி நேரம் கழித்து வந்தார். அண்ணனிடம் இப்போது சொல்ல வேண்டாம், அவர் அங்கே தனியாக இருக்கிறார் என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. அந்த அண்ணன் வீடியோவில் எனக்குக் கும்பிடு போடுவது இன்னும் நிற்கவில்லை. அக்கா மட்டும் அப்போது போனைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வார்.

ஃபைலை அக்கா தன்னுடைய பீரோவில் வைத்துக்கொண்டார். கேட்டு வாங்கவில்லை. ஒருநாள் கீழே வந்து, அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டு போனார். பதினான்கு படி. ஏறும்போது நான் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பதாவது படியில் ஒருமுறை நின்றார், பிறகு ஏறினார்.

இரண்டாம் மாத முடிவில் ஐம்பத்தைந்து வந்தது. இதய டாக்டரும் அக்காவின் டாக்டரும் பேசி, மீண்டும் ஊசியைத் தொடங்கலாம் என்றார்கள். இதய மாத்திரைகள் கூடவே ஓடும், எக்கோ இன்னும் அடிக்கடி. மறுபடி ஊசி ஏற்றிய முதல் நாள் அக்கா டிரிப்பிலிருந்து விழும் சொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த எக்கோ ஐம்பத்தாறு, அதற்கடுத்தது ஐம்பத்தெட்டு. அறுபத்திரண்டுக்கு அது திரும்பவில்லை. அதனால் ஒன்றுமில்லை, இது நார்மல்தான் என்று டாக்டர் சொன்னார். அந்த வார்த்தையை அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனாலும் தலை குனிந்துகொண்டேன்.

நின்றுபோன வாரங்களையும் சேர்த்து, கடைசி ஊசி போன மாதம் முடிந்தது. நர்ஸ் அக்காவுக்குக் கை கொடுத்தார், எனக்கும் கொடுத்தார். திரும்பும்போது ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. அக்கா ஜன்னல் ஓரம், நான் பக்கத்தில். பல்லாவரம் தாண்டியது. பிறகு அவர் வெளியே பார்த்தபடியே சொன்னார்.

"ஊசி முடிஞ்சாலும் எக்கோ எடுத்துக்கிட்டே இருக்கணும்னாங்க. அடுத்தது மூணு மாசத்துல. உனக்கு வர முடியலன்னா முன்னாடியே சொல்லிடு, நான் தனியா போய்க்கறேன். வர்றேன்னு சொன்னா கடைசி வரைக்கும் உட்காரணும்."

"உட்கார்றேங்கக்கா" என்றேன்.

அவர் தலையாட்டினார். சானடோரியம் வந்தது. கம்பெனிப் பெண்கள் கூட்டமாக ஏறினார்கள், அதில் இரண்டு பேர் எனக்குத் தெரிந்தவர்கள். அக்கா கொஞ்சம் நகர்ந்து அவர்களில் ஒருத்திக்கு இடம் கொடுத்தார்.